கண்டிஷனரா, சாஃப்ட்னரா? போர்வெல் தண்ணீரோடு ஐந்து வருஷம்

மொட்டை மாடியில் சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் ஒன்றை மெக்கானிக் உருவி எடுத்துத் தரையில் கவிழ்த்தார். தண்ணீர் கொஞ்சமாக வழிந்தது, பின்னாலேயே முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்ட மாதிரி வெள்ளைச் சில்லுகள் பொலபொலவென்று கொட்டின. பதினைந்து குழாயில் ஒன்பதுக்கு இதே கதி, இரண்டு குழாய் அடியில் விரிசலே விட்டிருந்தது. வீட்டுக்குக் குடி வந்து அப்போது இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

எங்கள் வீடு கோவையில் காளப்பட்டிப் பக்கம். போர், அதாவது போர்வெல், 650 அடி ஆழம். குழாயில் நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு தரம் வரும், அதைப் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வோம். போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், அதனால் சமையலுக்கு அதைத் தொடுவதே இல்லை. குளிப்பது, துவைப்பது, பாத்திரம், சோலார், செடி எல்லாம் போர் தண்ணீர்தான். குழாய் முனையில் வெள்ளை பூப்பதும், ஷவரில் பாதித் துளை அடைத்துக்கொண்டு தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சுவதும் பழகிப் போயிருந்தது. சோலார் குழாய்க்குப் பணம் கட்டிய அன்றைக்குத்தான் இதற்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தோம்.

முதலில் வந்த விற்பனையாளர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து இரண்டு டம்ளர் எடுத்து வைத்தார். ஒன்றில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்ததும் போர் தண்ணீர் ஒரு நிமிஷத்தில் சாக்கடை நிறத்துக்குப் போய்விட்டது, ஆர்ஓ தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. "பாருங்க மேடம், இதத்தான் தினமும் தலைக்கு ஊத்துறீங்க" என்றார். என் கணவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு சிட்டிகை சமையல் உப்பைக் கொண்டு வந்து ஆர்ஓ டம்ளரில் போட்டுக் கலக்கி, திரும்பவும் கம்பியை வைக்கச் சொன்னார். அதுவும் பழுப்பாகிவிட்டது. அந்தக் கம்பிகளில் இருக்கிற இரும்பு கரைவதால் வருகிற நிறம் அது. தண்ணீரில் ஏதாவது உப்பு இருந்தால் கரண்ட் பாயும், கம்பி கரையும், அவ்வளவுதான். யாராவது உங்கள் வீட்டில் வந்து இந்தக் கம்பி வித்தையைக் காட்டினால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அவரை அனுப்பிவிட்டோம், ஆனால் அடுத்து வந்தவரிடம் வாங்கிவிட்டோம். அவர் வித்தை எதுவும் காட்டவில்லை, பொறுமையாகப் பேசினார். அவர் விற்றது, தண்ணீரில் இருப்பது கல்லாகப் படியாமல் தடுக்கும் என்று பைப்பைச் சுற்றி மாட்டுகிற காந்தக் கண்டிஷனர். உப்பு போட வேண்டாம், கரண்ட் வேண்டாம், கழிவுத் தண்ணீர் இல்லை, மாட்டிவிட்டு மறந்துவிடலாம். விலை 14,500 ரூபாய். போர் மோட்டாரிலிருந்து டேங்க்குக்கு ஏறும் பைப்பில் மாட்டிக் கொடுத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து வால்பாறையிலிருந்து அம்மா வந்து பத்து நாள் தங்கினார். மலைத் தண்ணீரிலேயே வாழ்ந்தவர். முதல் நாள் குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, "என்ன கண்ணு, மிஷினெல்லாம் மாட்டியிருக்கறேன்னு சொன்னே, சோப்புல நுரையே வர மாட்டேங்குது, தலையெல்லாம் பிசுபிசுன்னு கெடக்குது" என்றார். பக்கெட்டின் ஓரத்தில் சோப்பு திரிந்து சாம்பல் நிறத்தில் வளையம் கட்டியிருந்ததை விரலால் வழித்துக் காட்டினார். நாங்கள் அதைத் தினமும் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது.

அதற்கப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தேன். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசிவிட்டு, மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பிடித்துக்கொண்டு போனேன். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 200 வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்று இருக்கிறது. நாங்கள் அதையும் தாண்டி இருந்தோம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பமெல்லாம் ஒரு சொல்லில்தான் இருக்கிறது. நாம் எல்லாவற்றையும் உப்புத் தண்ணி என்றே சொல்லிவிடுகிறோம். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரும் உப்புத் தண்ணிதான், சோப்பு நுரைக்காத தண்ணீரும் உப்புத் தண்ணிதான். ஆனால் சோப்பைத் திரிய வைப்பதும் கீசருக்குள் சூடேற்றுகிற காயிலில் படிவதும் கால்சியமும் மெக்னீசியமும். அவற்றின் அளவைத்தான் கடினத்தன்மை, ஹார்ட்னஸ் என்கிறார்கள். டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கிற எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எண்ணாகக் காட்டும், அதில் கால்சியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. டிடிஎஸ் ஒரே மாதிரி இருக்கிற இரண்டு வீட்டில் ஒன்றில் சோப்பு நுரைக்கும், இன்னொன்றில் நுரைக்காது. அதனால் விற்க வருகிறவர் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நீட்டினால், ஹார்ட்னஸ் எவ்வளவு என்று கேளுங்கள். அதற்கென்று சொட்டு மருந்து மாதிரி ஒரு கிட் கடையில் கிடைக்கிறது. ஒரு குப்பித் தண்ணீரில் பொடியைப் போட்டால் ஒயின் சிவப்பாகும், அப்புறம் ஒவ்வொரு சொட்டாக விட்டு, நீலமாக மாறும்வரை எண்ண வேண்டும். என்னிடம் இருக்கிற கிட்டில் ஒரு சொட்டு என்றால் 25 மில்லிகிராம். எங்கள் போர் தண்ணீருக்கு 26 சொட்டு பிடித்தது.

கண்டிஷனரைத் தாண்டி வந்த தண்ணீருக்கும் அதே 26 சொட்டு.

இதற்காக அந்தக் கருவியைத் திட்டுவது நியாயம் இல்லை. கண்டிஷனர் என்கிற எந்த வகையும் கால்சியத்தை வெளியே எடுப்பது கிடையாது. அதன் வேலையே வேறு. கால்சியம் சூடான இடத்தில் கல்லாக ஒட்டிக்கொள்ளாமல், தண்ணீரிலேயே கரைந்தோ, பொடிப் பொடியாக மிதந்தோ போகும்படி செய்வதுதான் அதன் நோக்கம். காந்தம் மாட்டுவது, பைப்பில் ஒயரைச் சுற்றி மின்னணு அலை கொடுப்பது, பாலிபாஸ்பேட் உருண்டைகளைக் கரைய விடுவது, ஒரு விதமான மணிகளின் மேல் கால்சியத்தை நுண்ணிய படிகமாக்கி உதிர்த்துவிடுவது என்று பல வகை. இதில் காந்தத்துக்குக் கிடைக்கிற முடிவுகள் ஓரிடத்தில் இருக்கிற மாதிரி இன்னோரிடத்தில் இருப்பதில்லை. எனக்கு நம்பிக்கை தருவது அந்தப் படிக வகைதான், அதற்கும் இரும்பு கலந்த தண்ணீர் ஆகாது. எந்த வகையாக இருந்தாலும் தண்ணீரில் கால்சியம் அப்படியே இருப்பதால் சோப்பு நுரைக்காது, தலை பிசுக்கும், துணி மொடமொடப்பாகவே காயும். இந்த ஒரு வரியை வாங்குவதற்கு முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் 14,500 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு தப்பும் நடந்திருந்தது. மோட்டார் பைப்பில் மாட்டினால் தண்ணீர் டேங்க்கில் ஒரு நாள், இரண்டு நாள் தேங்கி நின்ற பிறகுதான் சோலாருக்குப் போகும். அதற்குள் கண்டிஷனர் செய்த வேலை எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வைப்பதானால் டேங்க்குக்குக் கீழே, கீசருக்கோ சோலாருக்கோ பக்கத்தில் வைக்க வேண்டும்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். ஒரு லிட்டர் போர் தண்ணீரைக் கால் மணி நேரம் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டி, வற்றிய அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் விட்டு மறுபடியும் ஒரு லிட்டராக்கிச் சொட்டை எண்ணினேன். 14 சொட்டில் நீலமானது. அதாவது 26-ல் 12 சொட்டு அளவு கடினத்தன்மை கொதித்தாலே கல்லாகப் படிந்து கழன்றுவிடுகிறது, சோலாரைக் கெடுத்தது இந்தப் பங்குதான். மிச்சம் 14 கொதிக்க வைத்தாலும் போகாத நிரந்தரக் கடினம். கண்டிஷனர் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அந்த மிச்சம் என் சோப்பைத் திரித்துக்கொண்டேதான் இருக்கும். எங்கள் வீட்டுக்குக் கால்சியத்தையே எடுத்துவிடுகிற சாஃப்ட்னர் தவிர வேறு வழி இல்லை என்று அடுப்படியில் அந்தக் குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறுதியானது.

சாஃப்ட்னர் வேலை செய்கிற விதம் எளிமையானது. சிலிண்டருக்குள் ரெசின் என்று கடுகு அளவில் மஞ்சள் மணிகள். அவை சோடியத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும். தண்ணீர் போகும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் வாங்கிக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலை ஓடவிட்டு, பிடித்த கால்சியத்தைக் கழுவி வெளியே தள்ளி, மறுபடி சோடியத்தை ஏற்ற வேண்டும். வாங்கிக்கொண்டு கொடுக்கிற கணக்கு என்பதால் டிடிஎஸ் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். சாஃப்ட்னர் போட்டும் மீட்டரில் எண் குறையவில்லையே என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கே போய்விட்டார். குறையாது, குறைய வேண்டியதும் இல்லை.

கம்பெனிக்காரர்கள் முழு வீட்டுக்கும் 25 லிட்டர் ரெசின் போடச் சொன்னார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் ரெசின் ஒரு தடவைக்குச் சுமார் 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 25 லிட்டருக்கு 1,250 கிராம். எங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 0.64 கிராம், ஆக 2,000 லிட்டருக்குள் நிரம்பிவிடும். செடி, கழிப்பறை எல்லாம் சேர்த்து நாளைக்கு 700 லிட்டர் செலவானால் மூன்றாம் நாளே உப்புப் போட வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று கிலோவுக்கு மேல் என்றால் மாதம் 35 கிலோ, வருஷத்துக்கு 400 கிலோவைத் தாண்டும். நாலு பேர் குளிப்பதற்கு 400 கிலோ உப்பு!

அந்த உப்பு எங்கே போகும் என்பதை யாருமே பேசுவதில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது. இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரத்துப்பாளையம் அணையைத் தெரியாமல் இருக்காது. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டிய அணை, திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கி, தண்ணீரைத் திறந்துவிடாதே என்று விவசாயிகளே கெஞ்சுகிற நிலைக்கு வந்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்குப் போனது. சாயம் கண்ணுக்குத் தெரிந்ததால் எல்லாரும் அதைப் பேசினார்கள், ஆனால் நிலத்தைப் பாழாக்கியதில் அந்தத் தண்ணீரில் கரைந்திருந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டுச் சாஃப்ட்னர் அந்த அளவு கிடையாதுதான். ஆனாலும் ஒரு லேஅவுட்டில் நூறு வீடு என்று பெருக்கிப் பாருங்கள். அதிலும் பாதாளச் சாக்கடை வராத தெருவில் கழிவை உறிஞ்சு குழியில் விட்டால், அது இறங்குவது நம் போருக்கே.

இதைப் புத்தகத்தில் படித்தது போல நான் சொல்லவில்லை. எங்கள் பிளம்பர் சாஃப்ட்னர் மாட்டிய முதல் வாரம் அந்தக் கழிவுக் குழாயைக் கொல்லைப் பக்கம் எலுமிச்சை மரத்தடியில் விட்டுவிட்டுப் போனார், நானும் கவனிக்கவில்லை. ஒரு மாதத்தில் இலைகளின் நுனி தீய்ந்த மாதிரி பழுப்பாகி, காயெல்லாம் உதிர்ந்தது. மண்ணைக் கிளறினால் களிமண் பிசைந்து காய வைத்த மாதிரி இறுகிக் கிடந்தது. சோடியம் மண்ணை அப்படித்தான் ஆக்கும். சாதாரணப் போர் தண்ணீரையே குடித்து வளர்ந்த மரம் அது. அதைக் காப்பாற்ற முடியவில்லை.

கடைசியில் செய்தது இதுதான். முழு வீட்டுக்கும் போடவில்லை. இரண்டு குளியலறை, வாஷிங் மெஷின், சோலார், இந்த லைனுக்கு மட்டும் 15 லிட்டர் ரெசின். கழிப்பறை ஃப்ளஷ், கார் கழுவும் குழாய், செடி, அடுப்படிக் குழாய் எல்லாம் பழைய லைனிலேயே. நாளைக்கு 300 லிட்டர் போல ஆகிறது, நாலு நாளைக்கு ஒரு தரம் உப்பு, தடவைக்கு இரண்டு கிலோ. மாதம் 16 கிலோவுக்குள் முடிகிறது. லைனைப் பிரிக்க பிளம்பருக்குக் கொடுத்த கூலி ஒன்றரை வருஷத்தில் உப்பிலேயே திரும்பிவிட்டது என்று நினைக்கிறேன். வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இப்போதே இரண்டு லைனாகப் போட்டுவிடுங்கள், சுவரை உடைக்காமல் தப்பிக்கலாம்.

அடுப்படியை விட்டதற்கு இன்னொரு காரணம் அத்தைக்கு பிபி. நூறு மில்லிகிராம் கடினத்தை எடுத்தால் 46 மில்லிகிராம் சோடியம் உள்ளே வரும். எங்கள் 640-க்கு லிட்டருக்கு ஏறக்குறைய 295. பெரியவர்களுக்கு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, இரண்டு லிட்டர் தண்ணீரிலேயே கால் பங்குக்கு மேல் போய்விடும். சாஃப்ட்னர் தண்ணீரை ஆர்ஓவில் விட்டால் அது சோடியத்தில் பெரும்பங்கை எடுத்துவிடும், நேரடியாகக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.

மாட்டும்போது எல்லாரும் மறக்கிற ஒன்று அழுத்தம். டேங்க்கிலிருந்து பத்து மீட்டர் கீழே இறங்கினால்தான் ஒரு ‘பார்’ அளவு அழுத்தம் கிடைக்கும். நம் வீடுகளில் டேங்க் குளியலறைக்கு மேல் மூன்று, நாலு மீட்டர்தான். சிலிண்டரைத் தாண்டி வரும்போது ஷவர் சொட்டத்தான் செய்யும், பேக்வாஷும் (தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டு மணிகளை அலசுவது) சரியாக நடக்காது. நாங்கள் ஒரு சின்ன பிரஷர் பம்ப் வைத்தோம். இன்னொரு வழி, மோட்டார் லைனிலேயே சாஃப்ட்னரை வைத்து, நல்லதுக்கு ஒரு டேங்க், பழையதுக்கு ஒரு டேங்க் என்று பிரிப்பது. மாடியில் இடம் இருந்தால் என்னைக் கேட்டால் அதுவே மேல், கரண்ட் போனாலும் கவலை இல்லை.

உப்பு விஷயத்தில் மளிகைக்கடைக் கல்லுப்பை மலிவென்று போட்டுப் பார்த்தேன், தொட்டிக்கு அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் சேறு. அதற்குப் பிறகு சுத்தம் செய்த அயோடின் கலக்காத உப்பு மட்டும்தான். தண்ணீர் போகும் வழியை மாற்றுகிற மல்டிபோர்ட் வால்வைக் கையால் திருப்புகிற மாடலைத்தான் வைத்திருக்கிறோம். முதலில் பேக்வாஷில் வருவது வெறும் கலங்கல் தண்ணீர், கடைசி அலசலும் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர், அவற்றை ட்ரம்மில் பிடித்து வாசல் கழுவ, கழிப்பறைக்கு ஊற்ற என்று வைத்துக்கொள்கிறேன். நடுவில் வருகிற உப்புக் கரைசல் நாற்பது லிட்டர் போல சாக்கடைக்குப் போகிறது. அதை என்ன செய்வதென்று இன்னும் எனக்கு வழி பிடிபடவில்லை, மனசை அரிக்கிற விஷயம்தான்.

போட்ட பிறகு மாறியது என்னவென்றால், ஒரு சொட்டில் நீலம். சோப்பு பாதி போதும், வாஷிங் பவுடர் பாதி போதும், துண்டு மெத்தென்று காய்கிறது. முதல் வாரம் மகள், "சோப்பு போகவே மாட்டேங்குதும்மா, வழுக்குது" என்று கத்தினாள், மென்மையான தண்ணீர் அப்படித்தான் இருக்கும். பைபாஸ் வால்வைக் கொஞ்சம் திறந்து போர் தண்ணீரைக் கலந்துவிட்டேன், இரண்டு மூன்று சொட்டுக்கு வந்தது, வழுக்கலும் நின்றது. முடி கொட்டுவது நின்றதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதற்குத் தண்ணீர்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், பிசுக்கு நின்றது, சீப்பு சிக்காமல் போகிறது, அவ்வளவு எனக்குத் தெரியும். ஏற்கெனவே குழாயில் படிந்த வெள்ளை தானாகப் போகவில்லை. ஷவரைக் கழற்றி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த வெந்நீரில் இரவு முழுக்கப் போட்டேன். பாத்ரூம் கழுவுகிற ஆசிட் ஊற்றாதீர்கள், குழாயின் பளபளப்பே உரிந்துவிடும்.

இவ்வளவும் சொன்னதால் கண்டிஷனரே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வடவள்ளியில் என் தம்பி வீட்டில் பெரும்பாலும் சிறுவாணி அணைத் தண்ணீர், கொஞ்சம் போர் கலக்கிறார்கள். பத்து சொட்டுதான், அதாவது 250. சோப்பு ஓரளவு நுரைக்கிறது, அவர்களுக்குக் கஷ்டமெல்லாம் கீசர் காயில் மட்டும். அங்கே அந்தப் படிக வகைக் கண்டிஷனரைக் கீசருக்கு முன்னால் மாட்டினான். இரண்டு வருஷம் கழித்துக் கீசரைத் திறந்தபோது காயிலில் துணியால் துடைத்தால் வருகிற அளவுக்கு மாவு மாதிரி ஒரு பூச்சு, கல் இல்லை. அவனுக்கு அது போதும். உப்பு மூட்டை தூக்க வேண்டியதில்லை, கழிவும் இல்லை. இருவரும் ஒரே ஊர், ஆனால் அவன் வீட்டுக்குச் சரியானது என் வீட்டுக்குச் சரிப்படவில்லை.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான். எத்தனை சொட்டு? உங்கள் குறை குளியலறையிலா, கீசருக்குள்ளேயா? முன்னூறு மில்லிகிராமுக்குள், அதாவது என் கிட்டில் பன்னிரண்டு சொட்டுக்குள் இருந்து, கீசர் மட்டும்தான் குறை என்றால் கண்டிஷனரைப் பாருங்கள், அதுவும் ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுக்கிறவரிடம். சோப்பும் தலையும் துணியும்தான் குறை என்றால் எத்தனை விலை கண்டிஷனரும் அதைத் தீர்க்காது. தண்ணீர் பிடித்து வைத்தால் சிவப்பாக மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் இரும்பு இருக்கிறது, அது ரெசினையும் கெடுக்கும், முதலில் அதற்கொரு ஃபில்டர் வேண்டும்.

போன வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் இன்னொன்றும் செய்தோம். 2003-ல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதிலிருந்து பல வீடுகளிலும், எங்கள் வீட்டிலும், மாடித் தண்ணீரைக் குழிக்கு விடுகிற குழாய் இருக்கிறது. அதைத் திருப்பி, ஒரு மணல் ஃபில்டர் வழியாக 6,000 லிட்டர் சம்ப்பில் விட்டோம். ஆயிரம் சதுர அடி மாடிக்குப் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் 700 லிட்டருக்கு மேல் கிடைக்கிறது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, இரண்டாம் மழைத் தண்ணீரைக் குப்பியில் பிடித்துப் பொடியைப் போட்டேன். சொட்டு விடுவதற்கு முன்பே நீலமாக இருந்தது. சம்ப்பிலிருந்து குளியலறை லைனுக்கு ஒரு வால்வு வைத்தாயிற்று, அந்த இரண்டு மாதத்தில் உப்பு மூட்டையைப் பிரிக்கவே இல்லை. இந்த வருஷம் பக்கத்தில் இன்னொரு சம்ப் தோண்ட இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், எலுமிச்சை மரம் இருந்த இடம்தான் காலியாக இருக்கிறது.